சிப்பிக் குகையும் கண்ணாடிக் குகையும்

ஜெர்மனிக்குப் பிரயாணம் போகிறவர்கள் பெர்லினைப் பார்ப்பார்கள். ரைன் நதிக் கரையிலுள்ள கோட்டைகளைப் பார்ப்பார்கள். சாவகாசம் இருந்தால் மியூனிக் வரையில் போய் வருவார்கள். ஹானோவர் என்று சொன்னால், "அங்கே என்ன இருக்கிறது? யந்திரக் கண்காட்சி நடக்குமாமே, அந்த ஊர்தானே?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அப்படித்தான் கேட்டேன். என் தமக்கையின் மகன் அங்கே சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிராவிட்டால், அந்த ஊர் ரயில் நிலையத்தில் நான் இறங்கியிருக்கவே மாட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் பையன், "மாமா! இன்றைக்கு உங்களையும் மாமியையும் ஒரு குகைக்கு அழைத்துப் போகப் போகிறேன்" என்றான்.

"குகையா? வௌவால் இருக்குமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"வௌவால் கிடையாது, மாமி. ஆனால் உங்களைப் போல் ஆயிரம் மாமிகள் அங்கே இருப்பார்கள்" என்றான் அவன்.

ஒரு மாமியைச் சமாளிப்பதே எனக்குப் போதுமானதாயிருக்கிறது. ஆனாலும் ஆவல் யாரை விட்டது? புறப்பட்டோம்.

எலுமிச்சை அல்லாத லிண்டன் சாலை

ஊரிலிருந்து அந்த இடத்துக்கு டிராம் வண்டி போகிறது. ஆனால் நடந்து போவதே உத்தமம் என்று பையன் சொன்னான். அவன் சொன்னது சரிதான். ஹெரன்ஹௌஸன் தோட்டத்துக்குப் போகும் சாலை சுமார் 2 கிலோமீட்டர் நீளம்; நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்கிறது. அதன் இரு மருங்கிலும் வரிசை வரிசையாக லிண்டன் மரங்கள். 1726, 1727-ஆம் ஆண்டுகளில் இந்தச் சாலையை அமைத்தபோது சுமார் 1,300 மரங்கள் நட்டார்களாம். லிண்டன் மரத்தை ஆங்கிலத்தில் 'லைம்' என்கிறார்கள். அதைப் படித்துவிட்டு எலுமிச்சை மரம் என்று எண்ணிக்கொண்டு, என் மனைவி பழத்தைத் தேடி மேலே பார்த்துக்கொண்டே வந்தாள். எலுமிச்சைக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. பூவில் நல்ல மணம் உண்டு, ஊறுகாய்க்கு உதவாது.

சாலை முடிந்ததும் கண் முன்னே விரிகிறது பெருந்தோட்டம். சுமார் 50 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் 120 ஏக்கருக்கு மேல். அதில் காடும் இல்லை, மேடும் இல்லை. தரை முழுவதும் கோணமும் வட்டமும் சதுரமுமாகப் பச்சைச் செடிகளாலேயே கோலம் போட்டிருக்கிறார்கள். மார்கழி மாதத்துக் கோலத்தை ஒரு ராட்சசன் போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது. மூன்று பக்கமும் அகழி. நடுவிலே ஒரு பெரிய நீரூற்று, வானை நோக்கிப் பாய்கிறது. 1720-ஆம் ஆண்டு வாக்கில் அது சுமார் 35 மீட்டர் உயரம் எழும்பிற்று. இப்போது 70 மீட்டருக்கு மேலே போகிறது. திருச்சி மலைக்கோட்டை உயரத்துக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழையில் ஓடிய மூதாட்டி

இந்தத் தோட்டத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். உறவு உண்டு, அது அவ்வளவு இனிமையான உறவு அல்ல.

தோட்டத்தை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவள் ஸோஃபியா என்னும் பட்டத்தரசி. 1630-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி ஹாலந்து தேசத்தில் ஹேக் நகரில் பிறந்தவள். ஹானோவர் சிற்றரசனுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆங்கில அரசன் முதலாம் ஜேம்ஸின் பேத்தி. பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்த ஷார்போனியே என்ற தோட்டக் கலைஞனைக் கொண்டு, 1696 முதல் தன் மரணம் வரையில் அவள் இந்தத் தோட்டத்தை விரிவாக்கிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் துணையாக இந்தப் பாதைகளில் உலாவியவர் யார் தெரியுமா? கணித மேதையும் தத்துவ ஞானியுமான லைப்னிட்ஸ். உலகில் ஒன்றுக்கொன்று சிறிதும் வித்தியாசமில்லாத இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவருடைய சித்தாந்தம். "அப்படியா? இதோ இரண்டு ஒரே மாதிரி இலைகளைக் கொண்டுவருகிறேன்" என்று சபையைச் சேர்ந்த ஒரு பிரபு புறப்பட்டாராம். தோட்டம் முழுவதும் தேடி அலைந்தும் வெறுங்கையோடுதான் திரும்பினாராம். இதை லைப்னிட்ஸே பின்னால் ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். தத்துவ விசாரத்துக்குத் தோட்டத்தைவிடச் சிறந்த சாலை வேறென்ன வேண்டும்?

1701-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பார்லிமெண்டு, ஆன் ராணிக்குப் பிறகு ஆங்கில சிம்மாசனம் இந்த ஸோஃபியாவுக்கே என்று சட்டம் செய்தது. அவள் காத்திருந்தாள். 1714-ஆம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி மாலை தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக வேகமாக நடந்தாள். அந்த இடத்திலேயே சுருண்டு விழுந்து உயிர் நீத்தாள். அப்போது வயது 83. இரண்டு மாதங்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 1-ந் தேதி ஆன் ராணி காலமானாள். தாய்க்குக் கிடைக்காத முடி மகனுக்குக் கிடைத்தது. அவன்தான் முதலாம் ஜார்ஜ்.

அதன் பிறகு ஜார்ஜுக்குப் பின் ஜார்ஜாக வந்தார்கள். 1714 முதல் 1837 வரையில் 123 வருஷம் ஹானோவருக்கும் இங்கிலாந்துக்கும் ஒரே அரசர். கும்பெனியார் நம் நாட்டை அடி அடியாகப் பிடித்தது பெரும்பாலும் இவர்கள் காலத்தில்தான். இரண்டு ஹானோவர் படைப் பிரிவுகள் சென்னை ராஜதானிக்கே வந்து, 1783-ல் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களுடன் போரிட்டிருக்கின்றன. அந்தப் படையில் ஓர் இளம் அதிகாரியாக வந்த கார்ல் ஷ்லேகல் என்பவர் 1789-ல் சென்னையிலேயே மாண்டார். அவருடைய தம்பிதான் பின்னால் பான் நகரத்துச் சர்வகலாசாலையில் ஸம்ஸ்கிருதம் போதித்துப் புகழ்பெற்ற அவுகுஸ்ட் ஷ்லேகல். ஒரே வீட்டிலிருந்து ஒருவர் துப்பாக்கியோடு நம்மிடம் வந்தார்; இன்னொருவர் வீட்டிலிருந்தபடியே நம் சாஸ்திரங்களைத் தேடினார். நம் சென்னையிலுள்ள ஜார்ஜ் டவுன், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியது அல்லவா? அந்த ஜார்ஜும் இந்த மூதாட்டியின் வம்சத்தில் வந்தவரே. மண்ணடியிலும் தம்புச்செட்டித் தெருவிலும் நடப்பவர்கள் இனி இந்தத் தோட்டத்தையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

அரசர்கள் லண்டனுக்குக் குடிபோனதால் தோட்டத்துக்கு ஒரு நன்மை விளைந்தது. ஐரோப்பாவில் மற்றப் பெருந்தோட்டங்கள் பலவற்றைப் பதினெட்டாம் நூற்றாண்டில் புது நாகரிகப்படி கலைத்து, இயற்கைக் காடு போல மாற்றினார்கள். இங்கே கலைக்க யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. அதனாலேயே பழைய கோலம் தப்பியது. கவனிப்பார் இல்லாததும் சில சமயம் காவலாகிவிடுகிறது!

சிப்பி போன குகை

ஆனால் எல்லாவற்றுக்கும் அது காவலாக இருக்கவில்லை. இனிக் குகைக்கு வருகிறேன்.

அரண்மனையை ஒட்டினாற்போல் தாழ்வான கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. இது இயற்கையான குகை அல்ல; குகை போன்ற மண்டபம். வேனிற்காலத்தில் வெயிலுக்கு ஒதுங்கிக் குளிர்ச்சியாக உட்கார்ந்திருப்பதற்கென்று இத்தாலிய நாகரிகத்தைப் பின்பற்றி ஐரோப்பிய அரசர்கள் தோட்டந்தோறும் இத்தகைய மண்டபங்களைக் கட்டினார்கள். நம் ராஜாக்கள் நீராழி மண்டபமும் வசந்த மண்டபமும் கட்டியது போலத்தான். ஹெரன்ஹௌஸன் குகை மண்டபம் கட்டப்பட்டது 1676-ஆம் ஆண்டில். அதே வருஷக் கடைசியில்தான் லைப்னிட்ஸும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். மண்டபத்தின் உட்சுவர் முழுவதும் கடற்சிப்பிகளும் பளிங்குக் கற்களும் கண்ணாடிகளும் பதித்திருந்தார்களாம். கடலே இல்லாத ஊரில் சமுத்திரராஜன் மாளிகை!

ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த அலங்காரங்கள் பெயர்க்கப்பட்டுவிட்டன. சிப்பி போயிற்று; பளிங்கு போயிற்று. வெறுஞ் சுவர்களே நின்றன. ராஜாக்களின் குளிர் மண்டபம் சாமான் அறையாக ஆயிற்று. 1936-ல் தோட்டத்தை நகர சபையார் வாங்கிச் சீர்திருத்தினார்கள். பிறகு யுத்தம் வந்தது. 1943-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசியதில் அரண்மனை எரிந்து சாம்பலாயிற்று. தங்கள் அரச வம்சத்தின் பூர்விக வீட்டையே ஆங்கிலேயர் எரித்தார்கள் என்பதைக் காலத்தின் கூத்து என்றுதான் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 70 வருஷங்களுக்குப் பிறகு, பழைய முகப்புடன் புதிய அரண்மனைக் கட்டடம் 2013-ல் திறக்கப்பட்டது. குகை மண்டபம் மட்டும் குண்டுக்குத் தப்பி, காலியாகவே நின்றது.

"அப்படியானால் பழையபடியே சிப்பி பதித்துச் சீர்படுத்தினார்களா?" என்று கேட்டேன்.

"இல்லை, மாமா. இந்தக் காலத்துச் சிற்பி ஒருத்தியிடம் ஒப்படைத்தார்கள். உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள்" என்றான் பையன்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்க் கோயில் ஒன்றில், நான் சிறுவனாக இருந்தபோது மண்டப விதானத்தில் பழைய சித்திரங்கள் இருந்தன. மங்கலாகத்தான் இருந்தன, ஆனாலும் யானையும் பல்லக்கும் குடை பிடித்தவர்களும் தெரியும். ஜீர்ணோத்தாரணம் என்ற பெயரால் ஒரு வருஷம் அதன் மேல் வெள்ளையடித்து விட்டார்கள். அடுத்த வருஷம் அதன் மேல் பளபளப்பான வர்ணம் பூசினார்கள். எல்லோரும் "பேஷ்!" என்றார்கள். அன்று முதல், பழைய கட்டடத்தைப் புதிதாக்கினோம் என்று யார் சொன்னாலும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. "நான் உள்ளே வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே ஒரு பெஞ்சியில் உட்கார்ந்தேன். பையனும் உட்கார்ந்தான். அந்தச் சிற்பியின் கதையை அவன் சொல்லச் சொல்ல, என் பிடிவாதம் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்ந்தது.

துப்பாக்கி எடுத்த சித்திரக்காரி

நிக்கி த ஸான் ஃபால் என்பது அந்த அம்மையாரின் பெயர். 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி பாரிஸ் நகரை அடுத்த ஊரில் பிறந்தவர். ஸோஃபியா பிறந்து சரியாக முந்நூறு வருஷம், அதே மாதம்! அமெரிக்காவில் வளர்ந்தார். பெரிய குடும்பம், நல்ல செல்வாக்கு. ஆனால் சிறு பிராயத்தில் தம் வீட்டுக்குள்ளேயே, தம்மைக் காக்க வேண்டியவரிடமிருந்தே, அவர் கொடுமைக்கு ஆளானார். அதைப் பல்லாண்டுகள் வாய்விட்டுச் சொல்லாமலிருந்து, 1994-ல்தான் ஒரு சிறு புத்தகத்தில் எழுதினார். 1953-ல் மனம் கலங்கி வைத்தியசாலையில் இருந்தபோது சித்திரம் எழுத ஆரம்பித்தார். சித்திரமே அவருக்கு ஔஷதமாயிற்று. ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனா நகரில் கவுடி என்னும் சிற்பி, உடைந்த ஓடுகளைப் பதித்து அமைத்த பூங்காவைக் கண்டது அவர் வாழ்க்கையையே மாற்றியது.

1961-ல் அவர் செய்த காரியம் ஐரோப்பாவையே திடுக்கிடச் செய்தது. சுண்ணச் சாந்துக்குள் வர்ணப் பைகளை மறைத்து வைத்துப் பலகை தயாரிப்பார். பிறகு துப்பாக்கி எடுத்துச் சுடுவார். குண்டு பட்ட இடத்திலெல்லாம் வர்ணம் பீறிட்டு ஒழுகும். அதுதான் சித்திரம்! கோபம் தணிந்த பிறகு வேறு வழியில் திரும்பினார். பருத்த உடலும் பளிச்சென்ற வர்ணமுமாகக் கூத்தாடும் பெண் உருவங்களைச் செய்யத் தொடங்கினார். அவற்றுக்கு 'நானா' என்று பெயர்.

1974-ஆம் வருஷம் ஹானோவர் நகர சபையார் மூன்று நானாக்களை லைனே ஆற்றங்கரையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊரில் பெரிய அமளி! "இந்த அலங்கோலத்துக்கா நம் வரிப் பணம்?" என்று எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. மூன்று உருவங்களுக்கும் ஹானோவரோடு சம்பந்தப்பட்ட மூன்று மாதரசிகளின் பெயர் வைத்தார்கள். ஒன்றுக்குக் கவி கதேயின் உள்ளம் கவர்ந்த ஷார்லட்டின் பெயர். இன்னொன்றுக்கு வான சாஸ்திரி கரோலின் ஹெர்ஷலின் பெயர். மூன்றாவதற்கு நம் ஸோஃபியாவின் பெயர். இன்றைக்கு அந்த மூன்று பெண்களும் ஊருக்குச் செல்லப் பிள்ளைகள். அவர்களை அகற்றுவதென்று யாராவது சொன்னால் இப்போதுதான் உண்மையான அமளி நடக்கும்.

நிக்கி அம்மையாரும் ஊராரின் கோபத்தை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. 2000-ஆம் ஆண்டில் தம் படைப்புகளில் 300-க்கு மேற்பட்டவற்றை ஹானோவரிலுள்ள ஷ்ப்ரெங்கல் கலைக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்தார். நகரம் அவருக்குக் கௌரவப் பிரஜை என்ற பட்டம் அளித்தது. அப்போதுதான் குகை மண்டபத்தை அவர் கையில் ஒப்படைத்தார்கள்.

ஆனால் அந்தக் கைகள் சோர்ந்திருந்தன. சிற்பங்கள் செய்யப் பயன்படுத்திய ரசாயனப் பொருள்களின் நச்சுப் புகையைப் பல்லாண்டுகள் சுவாசித்ததனால் அவருடைய நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இத்தாலியில் ஒரு முழுத் தோட்டத்தையே இருபது வருஷம் பாடுபட்டுச் சிற்ப மயமாக்கி, 1998-ல் திறந்து வைத்திருந்தார். நல்ல காற்றைத் தேடி அமெரிக்காவின் மேற்குக் கரையில் வசித்தார். ஹானோவர்க் குகைக்கு அங்கிருந்தபடியே திட்டங்கள் வகுத்தார். 2002-ஆம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி காலமானார். வேலை பாதிதான் நடந்திருந்தது. அவருடன் நெடுநாள் உழைத்த உதவியாளர்கள் அவர் வகுத்தபடியே முடித்தார்கள். 2003-ல் குகை திறக்கப்பட்டது.

"முடிந்ததை அந்த அம்மாள் பார்க்கவே இல்லையா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்லை, மாமி."

அவள் எழுந்தாள். "வாருங்கள், நாமாவது போய்ப் பார்ப்போம்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன மறுப்புச் சொல்வது?

ஆயிரம் மாமிகள்

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய கல் முகப்பு பழையபடியே இருக்கிறது. வாசலைத் தாண்டியதும்தான் மாயம்.

நடுவிலுள்ள அறை எட்டுக் கோண வடிவம். கூழாங்கற்களும் வர்ணக் கண்ணாடிகளும் ஆடித் துண்டுகளும் கலந்து, மஞ்சளும் சிவப்பும் பொன்னுமாகச் சுருள் சுருளாகச் சுவரில் ஏறிச் செல்கின்றன. ஆத்மிக வாழ்வை இந்த அறை குறிக்கிறதாம். இதிலிருந்து இரு புறமும் இரண்டு அறைகள். ஒன்று இரவும் பிரபஞ்சமும். முற்றும் ஆழ்ந்த நீல நிறம். அந்த நீலத்தின் மேல் நானாக்கள் மிதக்கிறார்கள், ஆடுகிறார்கள். நடு நிசியில் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அறையை விவரிக்க வேண்டியதில்லை.

மற்றொன்று பகலும் வாழ்வும். இதுதான் ஆயிரம் மாமிகளின் அறை. சுவரெல்லாம் வெள்ளி போன்ற ஆடித் துண்டுகள். வாசல் வழியே வரும் வெளிச்சம் ஒவ்வொரு துண்டிலும் பட்டு, இன்னொன்றுக்குத் தாவி, அதிலிருந்து வேறொன்றுக்குத் தாவுகிறது. என் மனைவி அசையாமல் நின்றாள். பிறகு மெள்ளச் சொன்னாள்: "ஸ்ரீரங்கத்தில் கண்ணாடி அறைச் சேவையில் பெருமாள் ஒருவரே பலராகத் தெரிவார், ஒவ்வொருவரும் முழுமையாகத் தெரிவார். இங்கே நான் துண்டு துண்டாகத் தெரிகிறேன். ஆனால் எத்தனை துண்டானாலும் அத்தனையும் மினுக்குகிறதே!"

உடைந்த கண்ணாடியில் முகம் பார்க்கலாகாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். தஞ்சாவூர்ப் படத்தில் மட்டும் அதே கண்ணாடித் துண்டு கிருஷ்ணன் மார்பில் மணியாக ஒளிர்கிறது. உடைந்ததை எடுத்து எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம் போலும். சிறு வயதில் உடைக்கப்பட்ட ஒரு பெண், தம் கடைசிக் காலத்தில் உடைந்த கண்ணாடிகளைக் கொண்டு ஒரு மாளிகை செய்திருக்கிறார். அதற்குள்ளே குழந்தைகள் கைகொட்டிச் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு குழந்தை ஆடித் துண்டு ஒவ்வொன்றிலும் தன் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

வெள்ளையடித்தது எது?

வெளியே வந்ததும் பையன், "என்ன மாமா, இன்னும் கோபமா?" என்று கேட்டான்.

கோபம் இல்லை. ஆனால் யோசனை இருந்தது. எங்கள் ஊர் விதானத்தில் சித்திரம் இருந்தது, அதை அழித்தார்கள். இங்கே அழிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பழைய சிப்பிகளை இந்த அம்மையார் பெயர்க்கவில்லை. இருநூறு வருஷங்களுக்கு முன்பே யாரோ பெயர்த்துவிட்டார்கள். சுவரை அவர் இடிக்கவில்லை, முகப்பை மாற்றவில்லை. காலியாகக் கிடந்த இடத்தில் புதுச் சிப்பி பதித்து, '1676-ஆம் வருஷத்தது' என்று பொய் சொல்லவும் இல்லை. இது என் காலத்து வேலை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் பழைய சிற்பியின் கருத்தை விடவும் இல்லை. அவரும் கல்லும் கண்ணாடியும்தான் பதித்தார். இவரும் கல்லும் கண்ணாடியும்தான் பதித்தார். வெயிலிலிருந்து உள்ளே வருகிறவர் வியந்து நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணமும். இவருடைய எண்ணமும் அதுவே.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சற்றுத் திருத்திக்கொண்டேன். மிச்சம் இருப்பதன் மேல் கை வைப்பது பாவம். ஒன்றுமே மிச்சமில்லாத இடத்தைப் பூட்டி வைப்பதும் புண்ணியம் ஆகாது. ஆனால் அந்த இடத்தைக் கொடுப்பதானால் தகுதியுள்ள கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு, அந்தக் கை ஓய்ந்துவிட்டாலும், அது வகுத்தபடியே செய்து முடிக்க வேண்டும். ஹானோவர் ஜனங்கள் 1974-ல் சண்டை போட்டார்கள். 2003-ல் வாக்கைக் காப்பாற்றினார்கள். நம் ஊர்த் திருப்பணிக் கமிட்டிகளுக்கு இந்த இரண்டு விஷயங்களையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சண்டை போடவாவது நம்மவர்கள் தயாராயிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

இப்படி நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோதே வானம் இருண்டது. வடக்கு ஜெர்மனியில் கோடை மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது. சடசடவென்று துளி விழுந்தது. பையன், "ஓடி வாருங்கள், மாமா!" என்று கூவினான்.

என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஓட வேண்டாம். இந்தத் தோட்டத்தில் மழைக்குப் பயந்து வேகமாக நடந்தவள் கதிதான் தெரியுமே. நனைந்தால் நனையட்டும்" என்றாள்.

மெதுவாகவே நடந்தோம். குகை மண்டபத்து வாசலில் ஒதுங்கி நின்றபோது முழங்காலுக்குக் கீழே எல்லாம் ஈரம். முந்நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு வெயிலுக்கு ஒதுங்க அந்த மண்டபத்தைக் கட்டினார்கள். எங்களுக்கு மழைக்கு உதவிற்று. முதுகுக்குப் பின்னால், மழை வெளிச்சத்தில், கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டிருந்தன. மழை நின்ற பிறகும் நாங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.